வேட்பாளர் அறிமுகத்தில் சொத்தின் மொத்தத் தொகை மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சட்டமன்றத் தேர்தல் வந்துவிட்டால் தமிழ் நாளிதழ்கள் எல்லாவற்றிலும் ஒரே அச்சில் வார்த்தது போல வேட்பாளர் அறிமுகம் வருகிறது. பெயர், வயது, படிப்பு, 'தொழில்: விவசாயம்', கட்சியில் வகித்த பொறுப்புகள், ஒரு மகன், ஒரு மகள், சொத்து இத்தனை கோடி, வழக்கு இத்தனை. வென்ற மறுநாள் அதே குறிப்பு 'புதிய எம்.எல்.ஏ.' என்ற தலைப்பில் மீண்டும் வரும். ஐந்தாண்டு கழித்து அவரே நின்றால் மூன்றாம் முறையும் வரும், வயதை மட்டும் திருத்திக்கொண்டு. இதில் பாதி கட்சி அலுவலகம் கொடுத்தது. மீதி, சொத்து, வழக்கு விவரங்களை உறுதிமொழியாக எழுதி வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தின் கடைசியில் இருக்கும் சுருக்க அட்டவணையிலிருந்து எடுத்தது. செய்தி இருப்பதோ அதற்கு முந்தைய பக்கங்களில்.

முதலில் எந்தப் பத்திரத்தை எடுப்பது என்பதிலேயே தவறு நடக்கிறது. ஒரு வேட்பாளர் ஒரு தொகுதிக்கு நான்கு வேட்புமனுக்கள் வரை தரலாம். பிரமாணப் பத்திரத்துக்கான படிவம் 26இல் ஏதேனும் ஒரு கட்டம் காலியாக இருந்தால் தேர்தல் நடத்தும் அலுவலர் சுட்டிக்காட்டுவார். மனுக்களின் பரிசீலனைக்குள் புதிய பத்திரம் தர வேண்டும். காலியாக விட்ட பத்திரத்தோடு வந்த மனுவை நிராகரிக்கலாம் என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 'இல்லை', 'பொருந்தாது' என்று எழுதாமல் எந்தக் கட்டத்தையும் விட முடியாது. இதனால் ஒரே வேட்பாளர் பெயரில் இரண்டு மூன்று பத்திரங்கள் இணையத்தில் ஏறிவிடுகின்றன. கடைசியாகத் தந்ததுதான் கணக்கு. முதல் நாள் மாலையே முந்தித் தரும் அவசரத்தில் பத்திரிகைகள் எடுப்பது பெரும்பாலும் முதலாவதை. எதிராளி தரும் எதிர்ப் பிரமாணப் பத்திரமும் அதே பக்கத்தில் பதிவேறும். அதை யாரும் திறப்பதே இல்லை.

சொத்துக்கு வருவோம். 'ஐந்தாண்டில் சொத்து இரண்டு மடங்கு' என்று தலைப்புப் போடுவதற்கு முன் தங்கம் எழுதிய வரியைப் பார்க்க வேண்டும். அதில் எடையும் இருக்கும், மதிப்பும் இருக்கும். போன தேர்தலில் 100 பவுன், இப்போதும் 100 பவுன், அதாவது அதே 800 கிராம் என்றால் அவர் புதிதாக எதுவும் வாங்கவில்லை, விலைதான் ஏறியிருக்கிறது. ஆகவே நகையை எடையாகத்தான் ஒப்பிட வேண்டும். எடை கூடியிருந்தால் அதுதான் செய்தி.

நிலத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒவ்வொரு நிலத்துக்கும் புல எண் (சர்வே எண்), பரப்பு, பரம்பரையாக வந்ததா, வாங்கியிருந்தால் தேதி, வாங்கியபோது கொடுத்த விலை, பின்னர் செய்த செலவு, இன்றைய சந்தை மதிப்பு என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. சுருக்க அட்டவணைக்குப் போவது இவற்றின் கூட்டுத் தொகைகள் மட்டுமே. 'இன்றைய சந்தை மதிப்பு' கட்டத்தில் பலர் எழுதுவது, பத்திரப் பதிவுக்காகப் பதிவுத் துறை நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை. சிலர் கிரயப் பத்திரத்தில் இருக்கும் பழைய விலையையே எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு 2017 ஜூனில் 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டது. 67 ரூபாய் மறுபடி 100 ஆனால் ஏற்றம் ஏறக்குறைய பாதி. ஒரு சென்ட் வாங்காமல், விற்காமல் 2021 பத்திரத்துக்கும் அடுத்த பத்திரத்துக்கும் இடையே நிலக் கணக்கு ஒன்றரை மடங்காவது இப்படித்தான். ஒருவரை இதற்காகக் குற்றவாளியாக்குவது அநியாயம். உண்மையாகவே வாங்கிக் குவித்தவர் 'எல்லாம் மதிப்பு உயர்வு' என்று தப்பிப்பதும் இதே இடுக்கில்தான்.

பிரித்தறிய வழி இருக்கிறது. இரண்டு தேர்தல்களின் பத்திரங்களையும் அருகருகே வைத்துப் புல எண்களை அடித்துக்கொண்டே வர வேண்டும். பழையதில் இல்லாத எண் புதியதில் வந்தால் அது வாங்கியது அல்லது வாரிசு வழி வந்தது. பழையதில் இருந்து புதியதில் காணாமல் போனது விற்றது, அல்லது பெயர் மாறியது. காணாமல் போன எண்ணுக்குப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டால் யாருக்கு, என்ன ஆவணமாக, எந்தத் தேதியில் போயிற்று என்பது தெரியும். விற்பனையா, தானப் பத்திரமா, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமா என்பதில் கதை மாறும். ஒரு தொகுதியின் முக்கிய வேட்பாளர்கள் நான்கு பேருக்கு இதைச் செய்ய, கைப்பழக்கம் உள்ள ஒருவருக்கு இரண்டு நாள் போதும். கிராமப் பெயரும் உட்பிரிவு எண்ணும் சரியாக இல்லாவிட்டால் தேடல் வெறுங்கையாகத் திரும்பும். நில அளவைக்குப் பின் 45/2 என்பது 45/2ஏ, 45/2பி ஆகியிருக்கலாம். அதை 'மறைத்துவிட்டார்' என்று எழுதிவிடக் கூடாது.

பத்திரத்தில் வராத சொத்து பற்றியும் வாசகருக்குச் சொல்ல வேண்டும். வேட்பாளர், மனைவி அல்லது கணவர், இந்துக் கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் ஆகியோரின் கணக்கு மட்டுமே அங்கே உண்டு. சார்ந்திருப்போர் என்றால் தனி வருமானம் இல்லாமல் வேட்பாளரை நம்பி இருப்பவர்கள். சொந்தத் தொழில் நடத்தும் மகன் அதில் வரமாட்டார். திருமணமாகிச் சம்பாதிக்கும் மகளும் வரமாட்டார். கல்லூரி நடத்தும் அறக்கட்டளையின் நிலமும் கட்டடமும் அறங்காவலரின் சொத்து ஆகாது. பங்குச் சந்தையில் இல்லாத குடும்பக் கம்பெனியின் பங்குக்குக் கணக்குப் புத்தக மதிப்பை எழுதினால் போதும். கம்பெனி வைத்திருக்கும் மனையின் விலை அதில் தெரியாது. ஊரே 'அவருடைய கல்லூரி' என்று சொல்லும் இடம் பத்திரத்தில் இல்லாததற்கு இதுதான் காரணம். சட்டப்படி அது பொய்யும் அல்ல.

வருமான வரி விவரம் 2019 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பின் ஐந்தாண்டுகளுக்குத் தர வேண்டியதாகிவிட்டது. அதைப் படிப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வின் மாத ஊதியமும் படிகளும் சேர்த்து 2017இல் 1,05,000 ரூபாய் ஆக்கப்பட்டது. ஆண்டுக்கு 12,60,000. ஆனால் பத்திரத்தில் அவர் காட்டும் ஆண்டு வருமானம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். தொகுதிப் படி போன்றவற்றுக்கு வருமான வரிச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. விவசாய வருமானமும் வரிக்கு உட்பட்டதல்ல. எனவே குறைந்த வருமானத்தைப் பார்த்ததும் 'எம்.எல்.ஏ. சம்பளத்தையே மறைத்தார்' என்று பாய வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஐந்தாண்டில் புதிதாக வாங்கிய புல எண்களின் கொள்முதல் விலையைக் கூட்டினால், காட்டிய வருமானமும் வாங்கிய கடனும் விற்ற சொத்தும் அதற்கு ஈடு கட்டுகின்றனவா?

வழக்குகளின் எண்ணிக்கையைப் போல ஏமாற்றும் எண் வேறில்லை. தமிழ்நாட்டு அரசியலில் மறியல், ஆர்ப்பாட்டம், தடையை மீறிய ஊர்வலம் இவற்றுக்குப் போடும் பிரிவுகள் காவல் நிலைய எழுத்தருக்கு மனப்பாடம்: இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341. எதிர்க்கட்சியில் ஐந்தாண்டு இருந்தவருக்கு இவற்றில் இருபது வழக்கு சேர்வது அதிசயமில்லை. அவருக்கு எதிரே நிற்பவருக்கு ஒரே ஒரு வழக்கு, அது 420 அல்லது ஊழல் தடுப்புச் சட்டம் என்றால், '20 எதிர் 1' என்று அச்சிடுவது யாருக்கு உதவும்? 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் எண்களும் மாறிவிட்டன. மோசடிக்கான பழைய 420 இப்போது 318(4), கொலை முயற்சிக்கான 307 இப்போது 109, அரசு ஊழியரின் உத்தரவை மீறும் 188 இப்போது 223. ஒரே பத்திரத்தில் இரண்டு சட்டத்தின் எண்களும் கலந்து வரும். எண்ணை மட்டும் அச்சிட்டால் வழக்கறிஞர்களுக்கே குழப்பம். குற்றத்தின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். பக்கத்தில் குற்றச்சாட்டு வனையப்பட்டதா (நீதிமன்றம் குற்றச்சாட்டை முறைப்படி பதிவு செய்ததா) என்ற கட்டத்தில் இருப்பதையும் எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கையோடு பல ஆண்டு கிடக்கும் வழக்கும், விசாரணை முடியும் தறுவாயில் உள்ள வழக்கும் ஒன்றல்ல.

போராட்ட வழக்குதானே என்று முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. 1998இல் ஓசூர்ப் பகுதியில் நடந்த போராட்டத்தில் பேருந்துகள் மீது கல்வீசிய வழக்கில், அப்போதைய அமைச்சர் பாலகிருஷ்ண ரெட்டிக்கு 2019 ஜனவரியில் மூன்றாண்டு தண்டனை விதிக்கப்பட்டது. அமைச்சர் பதவி போயிற்று, உறுப்பினர் பதவியும் போயிற்று. இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை என்றால் தீர்ப்பு நாளிலிருந்தே தகுதியிழப்பு. மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் அது முடியும் வரை தள்ளிப்போகும் என்று பதவியில் இருப்பவர்களுக்கு இருந்த பழைய சலுகையை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 10 அன்று நீக்கிவிட்டது. தண்டனையை நிறுத்தி வைத்தால் சிறைக்குப் போக வேண்டாம், அவ்வளவே. பதவி திரும்ப வேண்டுமென்றால் குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்தி வைக்க வேண்டும். 2024 மார்ச்சில் முன்னாள் அமைச்சர் பொன்முடிக்கு உச்ச நீதிமன்றம் செய்தது இந்த இரண்டாவது வகை. காலியானதாக அறிவிக்கப்பட்டிருந்த திருக்கோவிலூர் தொகுதி அதனால்தான் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. 'தண்டனைக்குத் தடை' என்ற ஒரே தலைப்பை இரண்டுக்கும் போடும் வழக்கத்தை விட வேண்டும்.

பத்திரத்தில் இருப்பது உண்மையா என்று தேர்தல் நடத்தும் அலுவலர் சரிபார்ப்பதில்லை. பொய் என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். அதற்கு யாராவது நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வெற்றியையே எதிர்ப்பதென்றால் முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு. 46ஆம் நாள் வந்தால் கதவு சாத்திவிடும். ஆகவே பத்திரிகையில் வரும் ஆய்வு அந்த 45 நாளுக்குள் வந்தால்தான் பயன்.

வெற்றிச் செய்திக்கு வருகிறேன். வாக்கு வித்தியாசத்தை மட்டும் தருகிறீர்கள். 2021இல் தியாகராய நகரில் 137, மொடக்குறிச்சியில் 281, காட்பாடியில் 746. இவை பரபரப்பான எண்கள்தாம். ஆனால் தியாகராய நகரில் மூன்றாம் இடத்தவர் பெற்ற வாக்கு அந்த 137ஐப் போலப் பல மடங்கு. வென்றவர் பெற்றது பதிவான வாக்கில் எத்தனை விழுக்காடு, மொத்த வாக்காளர்களில் எத்தனை விழுக்காடு என்ற இரண்டையும் போட்டால்தான் அவருக்கான ஆதரவின் அளவு தெரியும். வாக்குப்பதிவு விழுக்காட்டைப் பழைய தேர்தலோடு ஒப்பிடும்போதும் நிதானம் தேவை. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தால் பட்டியலின் மொத்தமே மாறிவிட்டது. வகுக்கும் எண் சுருங்கினால், அதே எண்ணிக்கையில் மக்கள் வந்தாலும் விழுக்காடு உயரும். டெபாசிட் கணக்கில் நோட்டாவைச் சேர்க்கக் கூடாது. செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும், சரியாக ஆறில் ஒன்று வந்தாலும் போயிற்றுதான்.

சாவடிவாரியான முடிவு படிவம் 20இல் வரும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பதிவேறும் இந்தத் தாளை எடுத்து, எந்த ஊரில் ஏறினார், எந்த ஊரில் இறங்கினார் என்று எழுதும் நாளிதழ் மிக அரிது. எழுதும் சிலரும் சாவடி எண்ணை வைத்து ஒப்பிட்டுச் சறுக்குகிறார்கள். 2021இல் கொரோனாவுக்காக ஒரு சாவடிக்கான வாக்காளர் வரம்பைக் குறைத்து ஏராளமான துணைச் சாவடிகள் திறந்தார்கள். 2016இன் 112ஆம் எண்ணும் 2021இன் 112ஆம் எண்ணும் ஒரே தெருவைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டியதில்லை. எண்ணை விட்டுவிட்டு, சாவடி இருக்கும் பள்ளியின் பெயரையும் பாகத்தில் அடங்கும் தெருக்களையும் பிடித்து ஒப்பிட வேண்டும். தபால் வாக்கு தனி வரியில் இருக்கும். அதை அலட்சியமாகப் பார்ப்பவர்கள் 2016 ராதாபுரத்தை நினைத்துக்கொள்ளட்டும்: வித்தியாசம் 49, தகராறு 203 தபால் வாக்குகள் மீது, சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியருக்கு அந்தத் தகுதி உண்டா என்பது பிரச்சினை. 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் பதவிக் காலம் பாதிக்கு மேல் ஓடியிருந்தது.

செலவுக் கணக்கு பற்றிச் சுருக்கமாக. பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு 2022 முதல் வரம்பு 40 லட்சம் ரூபாய். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கணக்குத் தர வேண்டும். ஒரு ரூபாய் கட்டணத்தில் எவரும் பார்வையிடலாம். அதில் வேட்பாளர் எழுதியதையும், செலவினப் பார்வையாளர் தரப்பு தனியாகக் குறித்து வைக்கும் நிழல் பதிவேட்டில் இருப்பதையும் வைத்துப் பார்த்தாலே போதும். நாற்காலிக்கும் பந்தலுக்கும் போட்ட விலையில் சிரிப்பு வரும்.

இனி, கொள்கை நிலைப்பாடு. அறிமுகக் குறிப்பில் இதற்கு இடமே இல்லை. கேட்டால் 'கட்சியின் தேர்தல் அறிக்கைதான்' என்பார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை அரசமைப்பில் வந்த 1985 முதல் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி ஆபத்து. பேரவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதால் யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே இருப்பதில்லை. 2017 பிப்ரவரி 18இல் நம்பிக்கை வாக்கெடுப்பில் 122க்கு 11 என்று எண்ணிக் கணக்கெடுத்தது போன்ற நாள்கள் அபூர்வம். இன்னொரு நுணுக்கம்: 2021இல் தி.மு.க. பெற்றதாகச் சொல்லும் 133 இடங்களில் 8 கூட்டணிக் கட்சிக்காரர்களுடையவை. ம.தி.மு.க., மனிதநேய மக்கள் கட்சி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, தமிழக வாழ்வுரிமைக் கட்சி ஆகியவற்றைச் சேர்ந்த அவர்கள் உதயசூரியனில் வென்றதால் பேரவைக் கணக்கில் தி.மு.க. உறுப்பினர்கள். வேட்பாளர் எந்தக் கட்சி என்பதோடு எந்தச் சின்னம் என்பதையும் தனிக் கட்டமாகப் போட வேண்டியதன் காரணம் இதுதான். அவர் யாருடைய கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அந்தச் சின்னம் சொல்லிவிடும்.

அப்படியானால் ஒரு உறுப்பினரின் நிலைப்பாட்டை எங்கே தேடுவது? 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. பத்து நாளில், மே தினத்தன்று, மசோதா திரும்பப் பெறப்படும் அறிவிப்பு வந்தது. அன்று உங்கள் தொகுதி உறுப்பினர் அவையில் இருந்தாரா, பேசினாரா, வெளியே போனாரா? வாக்குப் பதிவு இல்லாவிட்டாலும் அவை நடவடிக்கைக் குறிப்பில் பேசியவர் பெயரும் பேச்சும் இருக்கும். ஆலைத் தொழிலாளர் நிறைந்த தொகுதிக்கு இதைவிட நல்ல அறிமுகக் குறிப்பு எது?

துறைவாரியாக நிதி கோரும் மானியக் கோரிக்கை விவாதங்களில்தான் உறுப்பினரின் சரக்கு தெரியும். ஆளுங்கட்சி உறுப்பினரின் பேச்சில் முதல் சில நிமிடம் தலைவர் புகழுக்குப் போய்விடும். அதைத் தாண்டிப் படித்தால் எந்த ஏரி, எந்தத் தடுப்பணை, எந்த மருத்துவமனை என்று கோரிக்கை வரும். எழுத்துமூலக் கேள்விகளைத் துறைவாரியாகப் பிரித்தாலே அவருடைய அக்கறை எங்கே என்பது புலப்படும். அமைச்சர் தரும் பதிலைப் படிக்கவும் ஒரு அகராதி வேண்டும். 'ஆவன செய்யப்படும்', 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்றால் எதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். 'இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்' என்றால் அது உறுதிமொழி. அரசு உறுதிமொழிக் குழு பின்தொடர வேண்டியது. பத்திரிகையில் மூன்றும் 'அமைச்சர் உறுதி' என்றே வருகின்றன.

இன்னொரு நல்ல அளவுகோல் கைவசமே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக 234 உறுப்பினர்களிடமும் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகள் கேட்கப்பட்டன, கட்சி பேதமில்லாமல். அந்தப் பத்தும் மாவட்ட ஆட்சியரிடம் போயின. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எது முடிந்தது, எது நிலம் எடுப்பில் நிற்கிறது, எது மதிப்பீட்டோடு தூங்குகிறது என்று தொகுதிக்கு ஒரு நாள் எழுதலாம். தொகுதி மேம்பாட்டு நிதிப் பணிகளின் பட்டியல் ஊரக வளர்ச்சி முகமையிலும் மாநகராட்சிகளிலும் கிடைக்கும். கல்வெட்டில் பெயர் பெரிதாக இருக்கும். அங்கே உறுப்பினரின் வேலை பரிந்துரைப்பது வரைதான் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

வாக்குறுதிகளுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். குடிநீர், நிலம், காவல், மது, உள்ளாட்சி ஆகியவை மாநிலப் பட்டியல். கல்வி 1977 முதல் பொதுப் பட்டியல். பொதுப் பட்டியலில் பேரவை ஒருமனதாக நிறைவேற்றினாலும் அதோடு முடிவதில்லை: நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரிலும் 2022 பிப்ரவரியிலும் இரண்டு முறை நிறைவேறியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 'நான் வென்றால் ரயில் நிறுத்தம்' என்று பேசும் சட்டமன்ற வேட்பாளரின் பேச்சுக்குக் கீழே 'இது மாநில அரசின் அதிகாரத்தில் இல்லை' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போடுவதற்கு ஆசிரியர் குழுவுக்குத் துணிவு அவ்வளவாகத் தேவைப்படாது.

முழுப் பக்கம் கேட்கவில்லை. புகைப்படத்தின் அளவைப் பாதியாக்கினால் கிடைக்கும் இடம் போதும். கடைசியாகத் தந்த பிரமாணப் பத்திரத்தின் தேதி, போன தேர்தலுக்குப் பின் வாங்கிய புல எண்கள், நகையின் எடை, குற்றச்சாட்டு வனையப்பட்ட வழக்குகள் குற்றத்தின் பெயரோடு, போட்டியிடும் சின்னம், முன்னாள் உறுப்பினர் என்றால் அவர் கேட்ட கேள்விகளும் பேசிய மானியக் கோரிக்கைகளும். மனைவியின் பெயரையும் மகன் படிக்கும் கல்லூரியையும் விட்டுவிடலாம்; அவர்கள் போட்டியிடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.